வெக்கையை வாசித்த சனிக்கிழமைகள்

பெருங்களத்தூரில் நெடுங்காலமாக வசிப்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. சாலையின் அந்த ஓரம் நினைவிருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரவுகளில் பைகளும் அட்டைப்பெட்டிகளும் தூங்கி வழியும் குழந்தைகளுமாகத் தெற்கே செல்லும் பேருந்துகளுக்காகக் காத்து நிற்கும் கூட்டம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. ஆனால் அதே பேருந்துகளில் எதிர்த்திசையில் வந்து இறங்கி, இங்கேயே தங்கிவிட்டவர்கள் எங்கும் போகவில்லை. பீர்க்கன்காரணையிலும் முடிச்சூர் சாலையிலும் உள்ள தெருக்களில் மாலை வேளையில் நடந்தால் கோவில்பட்டிப் பேச்சும் சங்கரன்கோவில் பேச்சும் காதில் விழும். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் என் வகுப்பில் படிக்கிறார்கள்.

நான் இங்குள்ள ஒரு பள்ளியில் தமிழாசிரியன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள். மற்ற ஆசிரியர்களை 'சார்' என்றும் 'மிஸ்' என்றும் அழைக்கும் பிள்ளைகள் தமிழாசிரியரை மட்டும் 'ஐயா' என்று அழைப்பார்கள். இந்த வழக்கத்தை நான் இதுவரை பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை. கடந்த ஆண்டு அந்த ஒரு சொல் என்னைச் சற்று அலைக்கழித்தது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இதில் வரும் குழந்தைகளும் பெற்றோரும் அடையாளம் காணப்படாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

*

2024 ஜூலையில் ஒரு நாள், பாடம் முடிந்து மணி அடிப்பதற்குச் சில நிமிடங்கள் இருந்தன. கடைசி வரிசையில் ஒரு பையன் 'அசுரன்' படத்தின் வசனத்தைத் தனுஷின் குரலில் பேசிக் காட்டிக்கொண்டிருந்தான். நன்றாகவே பேசினான். கோபித்துக்கொள்வதற்குப் பதிலாக, "அந்தக் கதை ஒரு நாவல் தெரியுமா? பூமணி எழுதினது" என்றேன். தெரியாது என்றார்கள். ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "நாவல்னா எவ்வளவு பெருசு ஐயா?" என்று கேட்டாள்.

அது நியாயமான கேள்வி. எங்கள் பாடநூலில் ஒவ்வோர் இயலிலும் கவிதைப்பேழை இருக்கிறது, உரைநடை உலகம் இருக்கிறது, விரிவானம் இருக்கிறது, கற்கண்டு என்ற பெயரில் இலக்கணம் இருக்கிறது. விரிவானத்தில் நல்ல சிறுகதைகளும் வருகின்றன. ஆனால் ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வகுப்பு சேர்ந்து வாசிப்பது என்பது நம் நடுநிலைப் பள்ளிகளில் இல்லை. எட்டாம் வகுப்புவரை வந்த ஒரு பிள்ளை, ஒரே மனிதனோடு இருநூறு பக்கங்கள் உடன் நடந்ததில்லை. நடந்திருந்தால் அது அவர்கள் வீட்டின் கொடுப்பினை.

அமெரிக்கப் பள்ளிகளில் ஏழாம், எட்டாம் வகுப்புகளில் 'தி அவுட்சைடர்ஸ்' என்ற நாவலைப் பரவலாகப் பாடமாக வைக்கிறார்கள். எஸ்.ஈ. ஹின்டன் தாமே பள்ளி மாணவியாக இருந்தபோது எழுதியது, 1967இல் வெளிவந்தது. ஏழைப் பையன்களுக்கும் பணக்காரப் பையன்களுக்கும் பகை. ஒரு சண்டையில் ஒரு சிறுவன் தன் நண்பனைக் காப்பதற்காக எதிர்த் தரப்பு இளைஞனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். இரு சிறுவர்களும் ஓடிப்போய் ஒரு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்துகொள்கிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு பள்ளியின் நூலகரும் மாணவர்களும் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் கொப்போலா அதை 1983இல் படமாக எடுத்தார். அங்கும் அந்த நூலைப் பள்ளியிலிருந்து அகற்றச் சொன்ன பெற்றோர் உண்டு. ஆனாலும் தலைமுறைகளாகப் பிள்ளைகள் அதை வாசித்து வருகிறார்கள்.

நம்மிடம் அதற்கு இணையான ஒன்று 1982லிருந்தே இருக்கிறது என்பது என் எண்ணம். பூமணியின் 'வெக்கை'. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போய் ஆளையே கொன்றுவிடுகிறான். பிறகு தந்தையும் மகனும் காட்டிலும் மலையிலும் தலைமறைவாக அலைகிற எட்டு நாட்கள். கதை அவ்வளவுதான். கரிசல் நிலத்தில் பிறந்து, கூட்டுறவுத் துறையில் பணியாற்றி, தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றிக் 'கருவேலம்பூக்கள்' என்ற படத்தையும் இயக்கியவர் பூமணி. சிறுவர்களின் உடம்பு எப்படிப் பசிக்கும், எப்படிப் பயப்படும் என்று அவருக்குத் தெரியும்.

தலைமையாசிரியரிடம் சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டேன். 'வாசிப்புப் பழக்கம்' என்று காரணம் எழுதினேன். கிடைத்தது.

*

முதல் சனிக்கிழமை நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொலை நடக்கும் இடத்தை நான் வாசித்தபோது வகுப்பில் விசில் பறந்தது. சிலர் மேசையைத் தட்டினார்கள். திரையரங்கில் செய்ததை அப்படியே செய்தார்கள்.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். கை நடுங்கியது. அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்புதான், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த மாணவர்களே சாதிப் பகையில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியிருந்தார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கை 2024 ஜூன் மாதம்தான் அரசிடம் அளிக்கப்பட்டது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றியும் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியைப் பற்றியும் ஆசிரியர் அறையில் அப்போது பேசிக்கொண்டிருந்தோம். அந்த மாதங்களில், பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் போய் அரிவாள் எடுத்த ஒரு சிறுவனின் கதையை வாசிக்கிறேனே, இது அறிவீனமா என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

மறுவாரம் தொடரலாம் என்று என்னை முடிவெடுக்க வைத்தது நாவலின் அமைப்புதான். கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. விசில் அடிப்பதற்கு அதன் பிறகு ஒன்றுமே இல்லை. மீதி முழுவதும் ஒளிவது, நடப்பது, சமைப்பது, காத்திருப்பது, வீட்டை நினைப்பது. திரைப்படம் தந்தைக்கு விரிவான முன்கதையொன்றைச் சேர்த்து, அவரை நாயகனாக்கியது. நாவல் மகனின் தோளை விட்டு அகலுவதில்லை. இதை நான் விளக்கவில்லை. மூன்றாம் வாரத்தில், வசனம் பேசிக் காட்டிய அதே பையன் சொன்னான்: "படத்துல அப்பா பெரிய ஆளு ஐயா. இதுல ரெண்டு பேருமே பயந்துட்டு இருக்காங்க." சொன்னபோது அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது. நான்காம் வாரம் அவன்தான் முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்தான்.

வாரத்துக்குப் பதினைந்து, இருபது பக்கங்கள் போயிற்று. மொழி தடையாக இருந்தது. கம்மாய் என்றால் என்ன என்றார்கள். நம் பெருங்களத்தூர் ஏரி மாதிரி என்றேன். ஏரியைச் சுற்றி வீடுகளைத்தான் பார்த்திருக்கிறோம், அங்கே எப்படி ஒளிய முடியும் என்று கேட்டார்கள். எனக்கும் பொருள் தெரியாத சொற்கள் வந்தன. நான் செங்கல்பட்டுக்காரன். அப்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையன் மெதுவாகப் பொருள் சொல்வான். கேட்டால் மட்டும் சொல்வான். முந்தைய ஆண்டு இடையில் வந்து சேர்ந்தவன். அதுவரை அவன் வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. சிதம்பரம் தன் தந்தையை 'அய்யா' என்று அழைப்பதைப் பிள்ளைகள் முதலில் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். "உங்களைக் கூப்பிடுற மாதிரியே கூப்பிடுறான்" என்று சிரித்தார்கள். அந்தப் பையன் சிரிக்கவில்லை.

*

ஐந்தாம் வாரம் அந்தக் கேள்வி வந்தது. "இவங்க என்ன ஆளுங்க ஐயா? அந்த வடக்கூரான் என்ன ஆளுங்க?"

'வெக்கை'யை வாசித்தவர்களுக்குத் தெரியும். பூமணி அந்த நாவலில் எந்தச் சாதியின் பெயரையும் சொல்வதில்லை. நிலத்தைப் பிடுங்க நினைப்பவன் இருக்கிறான், விட மறுப்பவர்கள் இருக்கிறார்கள். யார் எவர் என்று அறிந்துகொள்வது வாசகரின் பாடு. நான் நிம்மதியோடு, "அது நாவல்ல இல்லப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

போகும்போதே அது சரியில்லை என்று பட்டது. எழுத்தாளர் சொல்லாமல் விட்டதற்குப் பின்னால் ஒரு வாழ்நாள் அனுபவம் இருக்கிறது. நான் சொல்லாமல் விட்டதற்குப் பின்னால் என் வேலையைப் பற்றிய பயம் மட்டுமே இருந்தது. இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்தன. அடுத்த வாரம் வகுப்பில் அந்தக் கேள்வியை நானே திரும்ப எடுத்தேன். தெரிந்துகொள்வதால் உங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுமி சொன்னாள்: "தெரிஞ்சா எங்க வீட்டுல யாரு பக்கம் பேசுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் நான் இந்தக் கதையைக் கேக்க முடியாது."

இந்தப் பதிலை எத்தனையோ விமர்சனக் கட்டுரைகளுக்கு மேலாக மதிக்கிறேன். பூமணியின் மௌனம் எதற்கு உதவுகிறது என்பதை அவள் தன் வீட்டுக்கூடத்திலிருந்து கண்டுபிடித்திருந்தாள். அந்த மௌனத்துக்கு எதிராகவும் வாதிடலாம். ஒடுக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லாமல் விடுவது ஒடுக்கியவருக்கும் வசதியாகிவிடும் என்று சொல்வோர் உண்டு. அதையும் அவர்களிடம் சொன்னேன். எவ்வளவு புரிந்தது என்று கணக்கிடவில்லை.

*

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன்.

ஏழாம் வாரம் ஒரு எழுத்துப் பயிற்சி கொடுத்தேன். 'நான் வீட்டை விட்டுக் கிளம்பிய ஒரு நாள்.' சிதம்பரத்தின் மனநிலைக்கு அருகே கொண்டுபோகும் என்று எண்ணினேன். பெரும்பாலோர் சுற்றுலா பற்றி எழுதியிருந்தார்கள். வண்டலூர் உயிரியல் பூங்கா நான்கு பேருக்கு வந்திருந்தது. ஜன்னலோரப் பையன் ஒன்பது வரிகள் எழுதியிருந்தான். இரவில் கிளம்பியது, பேருந்தில் ஊர்ப்பெயரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லப்பட்டது, ஆட்டை அவிழ்த்துவிட்டு வந்தது, அது கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தது. கடைசி வரி: இங்கே வந்தபிறகு அய்யாவை அப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள்.

அதைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இருபதாண்டு வேலையில் ஒரு மாணவன் எழுதிய மிகச் சிறந்த ஒன்பது வரிகள். எனக்குப் பெருமை வந்துவிட்டது. அந்தப் பெருமைதான் காரியத்தைக் கெடுத்தது. அடுத்த சனிக்கிழமை பெயர் சொல்லாமல் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு வந்தபோது முப்பது தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. பெயரைச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கரிசல் சொற்களுக்குப் பொருள் சொன்னவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திங்களன்று பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை.

அடுத்த வார இறுதியில் பதிவேட்டிலிருந்த முகவரியை விசாரித்துக்கொண்டு போனேன். ரயில் பாதைக்கு அந்தப்புறம், வரிசை வீடுகளில் ஒன்று. தந்தை கட்டட வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"படிக்கத்தானய்யா அனுப்புனேன்" என்றார். "எழுதச் சொல்லுவீகன்னு நெனைக்கல."

பையன் உள்ளே இருந்தான். வெளியே வரவில்லை. தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். என்ன நடந்தது, ஏன் கிளம்பினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் எழுந்தபோது, "அந்தக் கதையில அப்பனும் மகனும் கடைசியில என்ன ஆகுதாக?" என்று கேட்டார். படம் பார்த்திருக்கிறார், ஆனால் புத்தகத்தில் வேறு மாதிரி என்று மகன் சொன்னானாம். ரெண்டு பேரும் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள், அதோடு முடிகிறது என்றேன். சற்று நேரம் யோசித்தார்.

"ரெண்டு பேரும் சேந்தே போறாகளா?"

"ஆமா, சேந்துதான்."

"அப்ப சரி" என்றார்.

*

பையன் புதன்கிழமை பள்ளிக்கு வந்தான். ஆனால் அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. ஒரு பெற்றோர் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருந்தார். பள்ளியில் வெட்டுக்குத்துக் கதை வாசிக்கப்படுகிறது, சாதி பேசப்படுகிறது என்று. தாளாளர் என்னை அழைத்து மரியாதையாகவே பேசினார். திருக்குறள் வாசியுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். அந்தக் கடிதம் எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் சனிக்கிழமை இரவு நான் பயந்ததைத்தான் அவரும் பயந்திருக்கிறார். எட்டு நாட்களில் ஆறாம் நாளோடு எங்கள் வாசிப்பு நின்றது.

பிள்ளைகளிடம் காரணம் சொன்னேன். பொய் சொல்லவில்லை. புத்தகம் மேசை மேல் இருந்தது. மணி அடித்து நான் வெளியே போனபோது எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபோது அது இல்லை. நான் யாரையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதங்கள் அந்தப் புத்தகத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. ஆனால் சில தடயங்கள் இருந்தன. தாழ்வாரத்தில் இருவர் பேசிக்கொண்டு வருவார்கள், என்னைக் கண்டதும் நிறுத்துவார்கள். ஒரு நாள் மதிய உணவின்போது வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜன்னலோரப் பையன். அவன்தான் வாசித்துக்கொண்டிருந்தான். நான் கேட்ட தூரத்தில் சொற்கள் விளங்கவில்லை. ஆனால் அந்த ராகம் விளங்கியது. நான் எட்டு வாரம் செங்கல்பட்டு நாக்கில் வாசித்துக் கெடுத்ததை அவன் அதன் சொந்த நாக்கில் வாசித்துக்கொண்டிருந்தான். நான் வேறு வழியாகப் போய்விட்டேன்.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிவிடலாகாது. அந்த ஒன்பது வரிகளை நான் சபையில் வைத்ததற்கு இன்றும் வருந்துகிறேன். யதார்த்த நாவல் பிள்ளைகளுக்கு அவர்களுடைய வாழ்க்கையைக் காட்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சொந்த வாழ்க்கையைப் பார்ப்பதற்கும் முப்பது பேர் முன்னால் பார்க்கப்படுவதற்கும் இடையே உள்ள தூரத்தை ஆசிரியன் மறந்துவிடக் கூடாது. சிதம்பரம் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பிள்ளை பாதுகாப்பாக ஒளிந்துகொள்ளலாம். அதற்காகத்தான் நாவலே இருக்கிறது. நான் அவனை அந்த மறைவிடத்திலிருந்து வெளியே இழுத்துப் போட்டேன். நல்லவேளை, அவனாகவே உள்ளே திரும்பிப் போகும் வழியைக் கண்டுகொண்டான்.

விசில் அடித்தவர்களில் எத்தனை பேர் மாறினார்கள் என்றும் எனக்குத் தெரியாது. ஒரு புத்தகம் ஒருவனின் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கிவிடும் என்று நம்புமளவுக்கு நான் இளைஞனல்ல. அரிவாளைத் தூக்கியவனுக்கு அன்றிரவு பசிக்கும், ஆத்தாவையும் தங்கையையும் தேடும், தூக்கம் வராது என்பதை எட்டு நாட்கள் கூடவே நடந்து அறிந்த பிள்ளைகள் சிலராவது பெருங்களத்தூரில் இருக்கிறார்கள். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த நாள், டிசம்பரில், என் மேசை மேல் புத்தகம் திரும்ப வந்திருந்தது. செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தார்கள். உள்ளே ஓரங்களில் பென்சிலால் பொருள் எழுதப்பட்டிருந்தது. கம்மாய், ஏரி. கொப்பு, கிளை. இப்படிப் பக்கம் பக்கமாக, ஒரே கையெழுத்தில், என்னைப் போன்ற வடக்கத்தியர்களுக்காக. எனக்குப் பொருள் தெரியாமல் தாண்டிப்போன சொற்களுக்கெல்லாம் பொருள் இருந்தது. கடைசிப் பக்கம்வரை பார்த்தேன். 'அய்யா' என்ற சொல்லுக்கு மட்டும் எங்கும் எதுவும் எழுதவில்லை.

இப்போது அவர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். புதிய எட்டாம் வகுப்பில் சென்ற வாரம் ஒரு பையன் கேட்டான்: "போன வருஷம் அண்ணனுங்களுக்கு வாசிச்ச புக்கை எங்களுக்கு எப்ப ஐயா வாசிப்பீங்க?" தாளாளரிடம் திரும்பக் கேட்க வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.